பெய்ட்காஸ்டிங் ரீல்: கோளாறைக் கண்டுபிடிப்பதும் பராமரிப்பதும்

மீன்பிடி ராடில் (தூண்டில் கோலில்) மாட்டும் பெய்ட்காஸ்டிங் ரீல் மக்கர் செய்தால் கை உடனே ஸ்குரூடிரைவரைத் தேடும். பல நேரம் அதற்குத் தேவையே இருக்காது. இந்த ரீலில் வரும் தொந்தரவு அநேகமாக மூன்று இடங்களில்தான் தொடங்கும்: வெளியே இருக்கும் திருகுகளை வைத்த விதம், ஸ்பூல் என்னும் உருளையில் லைனை (தூண்டில் நூலை) சுற்றிய விதம், பேரிங்கிலும் லைனை ஸ்பூலில் சீராகப் பரப்பும் லெவல் வைண்டிலும் சேர்ந்த அழுக்கு. கியர் தேய்வதும் ஸ்ப்ரிங் உடைவதும் அதற்குப் பிறகுதான். ஆகவே திறக்காமல் செய்யக்கூடியவற்றை முதலில் பார்த்துவிட்டு, கடைசியில் திறப்போம்.

பேக்லாஷ் ஏன் வருகிறது

ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் அசையாமல் நிற்க, லைன் வளையம் வளையமாக உருவிக்கொண்டு போகும். பெய்ட்காஸ்டரில் ஸ்பூலே சுழன்றுதான் லைனை விடுகிறது. பறக்கும் லூர் (செயற்கை இரை) இழுக்கிற வேகத்தைவிட ஸ்பூல் வேகமாகச் சுழன்றால், போக வழியில்லாத லைன் ஸ்பூல் மேலேயே உப்பி, ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சிக்கிக்கொள்ளும். இதுதான் பேக்லாஷ்.

அதைத் தடுக்க மூன்று பிரேக்குகள் உண்டு. முதலாவது உங்கள் கட்டைவிரல். இரண்டாவது ஹேண்டில் பக்கம் இருக்கும் சிறு உருண்டைத் திருகு. இதை டென்ஷன் திருகு என்போம். இது ஸ்பூல் அச்சின் முனையை நேரடியாக அழுத்துகிறது. மூன்றாவது எதிர்ப்பக்கத் தட்டில் இருக்கும் காஸ்ட் பிரேக் (காஸ்ட் என்றால் லூரை வீசுவது). இதில் இரண்டு வகை பரவலாக இருக்கிறது.

சென்ட்ரிஃபியூகல் பிரேக்கில் சிறு பிளாஸ்டிக் கட்டைகள் ஸ்பூலோடு சுழலும்போது வெளிப்பக்கம் தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உரசும். இதன் பிடி சுழற்சி வேகத்தின் இருமடியாக ஏறும். எனவே வேகம் உச்சத்தில் இருக்கும் காஸ்டின் தொடக்கத்தில் அழுத்தமாகப் பிடித்து, கடைசியில் கிட்டத்தட்ட விட்டுவிடும். காந்தப் பிரேக்கில் உரசலே கிடையாது. அலுமினிய ஸ்பூல் காந்தத்தின் அருகே சுழலும்போது அதில் சுழல் மின்னோட்டம் தோன்றி வேகத்தைக் குறைக்கிறது. இதன் பிடி வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், காஸ்ட் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்யும். சில ரீல்களில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். சில்லு வைத்து இயங்கும் டிஜிட்டல் பிரேக் ரீல்களும் உண்டு. அந்த மின்னணுப் பகுதியை மட்டும் வீட்டில் திறக்க வேண்டாம்.

திறப்பதற்கு முன்: அமைப்பைச் சரிபார்த்தல்

நீங்கள் வீசப்போகும் லூரையே கட்டிக்கொள்ளுங்கள். வேறு எடையுள்ள லூரில் செய்த அமைப்பு இதற்கு உதவாது.

1. காஸ்ட் பிரேக்கை உச்ச அளவில் முக்கால் பங்குக்கு வையுங்கள். உள்ளே கட்டைகள் உள்ள ரீலாக இருந்தால், ஒன்றுக்கொன்று எதிரெதிராக இருப்பவற்றை ஜோடி ஜோடியாக இயக்குங்கள். ஒரே பக்கத்துக் கட்டைகளை மட்டும் போட்டால் ஸ்பூல் சமநிலை கெட்டு அதிரும்.

2. டென்ஷன் திருகைத் தளர்த்தி, ஸ்பூலைக் கட்டைவிரலால் இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். 'டக் டக்' என்று ஆட்டம் தெரியும். அந்த ஆட்டம் நிற்கும் இடம்வரை திருகை மெல்ல இறுக்குங்கள்.

3. ராடைக் கிடைமட்டத்துக்குச் சற்று மேலே பிடித்து தம்ப் பாரை (ஸ்பூலை விடுவிக்கும் கட்டைவிரல் பட்டையை) அழுத்துங்கள். லூர் தடதடவென்று விழாமல் நிதானமாக இறங்க வேண்டும். தரையைத் தொட்ட பிறகு ஸ்பூல் ஒரு சுற்றுக்கு மேல் ஓடக் கூடாது. ஓடினால் திருகைக் கொஞ்சம் இறுக்குங்கள். லூர் இறங்கவே இல்லையென்றால் தளர்த்துங்கள்.

4. நாலைந்து முறை வீசிப் பார்த்து, சிக்கு விழாவிட்டால் காஸ்ட் பிரேக்கை ஒவ்வொரு படியாகக் குறையுங்கள். டென்ஷன் திருகில் கை வைக்க வேண்டாம்.

கடைசிப் படியில்தான் பலர் தடம் மாறுகிறார்கள். பேக்லாஷ் வந்ததும் டென்ஷன் திருகை இறுக்குவார்கள்; சிக்கு நிற்கும், தூரமும் போய்விடும். அந்தத் திருகு காஸ்டின் தொடக்கம், நடு, முடிவு என்று பார்க்காமல் எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். லூர் வேகம் இழக்கும் கடைசிக் கட்டத்தில் அந்த அழுத்தம் தூரத்தைத்தான் தின்னும். வேகத்துக்கு ஏற்ப கூடிக் குறையும் காஸ்ட் பிரேக்கிடம் அந்த வேலையை விடுவதே நல்லது. இருந்தாலும், கை பழகாதவர்கள் முதல் சில நாட்களுக்குத் திருகைக் கொஞ்சம் கூடுதலாக இறுக்கி வைப்பதில் தவறில்லை.

எந்த நேரத்தில் சிக்கு விழுகிறது என்று கவனியுங்கள்

லூர் ராட் முனையை விட்டுக் கிளம்பியதுமே சிக்கு விழுந்தால், ஒன்று வெட்டி இழுத்து வீசுகிறீர்கள், அல்லது பிரேக் போதவில்லை. திடீர் வெட்டு ஸ்பூலை ஒரே நொடியில் உச்ச வேகத்துக்குக் கொண்டுபோய்விடும். லூர் அந்த வேகத்தைப் பிடிக்காது. ராடின் வளைவு லூரைத் தூக்கி எறியும்படி சீராக வீசுங்கள். சென்ட்ரிஃபியூகல் ரீலில் இன்னொரு ஜோடிக் கட்டையைச் சேர்த்துப் பாருங்கள்.

பறந்துகொண்டிருக்கும்போது நடுவில் விழுந்தால் பெரும்பாலும் எதிர்க்காற்று காரணம், அல்லது தட்டையான, காற்றை வாங்கும் லூர். காந்தப் பிரேக்கை இரண்டு படி ஏற்றி, தாழ்வான கோட்டில் வீசுங்கள். கடைசியில், லூர் தண்ணீரில் விழும் கணத்தில் சிக்கு விழுந்தால் ரீலில் கோளாறே இல்லை. லூர் தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன்பே கட்டைவிரலால் ஸ்பூலை நிறுத்தப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

எந்த அமைப்பிலும் மிக லேசான லூர் போகவில்லையா? ரீலைக் குறை சொல்லாதீர்கள். சாதாரண அளவு ஸ்பூலைச் சுழற்றிக் கிளப்ப 7 கிராமுக்குக் குறைந்த லூர்கள் திணறும். அதற்கென்று ஆழம் குறைந்த, எடை குறைந்த ஸ்பூல் உள்ள ரீல்கள் தனியாக இருக்கின்றன.

சிக்கை எடுக்கும் முறை

கண்ட வளையத்தைப் பிடித்து இழுப்பதுதான் சிக்கை முடிச்சாக்கும் வழி. முதலில் ஸ்டார் டிராகை முழுதாக இறுக்குங்கள் (டிராக் என்பது மீன் இழுக்கும்போது லைனை அளவாக நழுவவிடும் பிடி; ஹேண்டிலுக்கு அடியில் இருக்கும் நட்சத்திர வடிவத் திருகுதான் ஸ்டார் டிராக்). கட்டைவிரலால் ஸ்பூல் மேல் இருக்கும் லைனை நன்றாக அழுத்தியபடியே ஹேண்டிலை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். உப்பிய வளையங்கள் விரலுக்கடியில் படிந்து, குறுக்கே மாட்டியவை நழுவி வெளியே வரும். பிறகு தம்ப் பாரை அழுத்தி லைனை மெதுவாக உருவுங்கள். மறுபடி மாட்டினால் இதையே திரும்பச் செய்யுங்கள். பெரும்பாலான சிக்குகள் இரண்டு மூன்று முறையில் அவிழ்ந்துவிடும்.

அப்படியும் வராவிட்டால், வெளியே போகும் லைனைக் குறுக்கே கட்டிப் பிடித்திருக்கும் வளையம் எது என்று பாருங்கள். அதை மட்டும் மொட்டையான முனையுள்ள எதையாவது கொண்டு தூக்கிவிடுங்கள், ஊசி வேண்டாம். மோனோ (ஒற்றை இழை நைலான்), ஃப்ளோரோகார்பன் லைனில் சிக்கு எடுத்த பிறகு விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். மடிந்து வெள்ளைத் தடம் விழுந்த இடம் இருந்தால் அதுவரை வெட்டிவிடுங்கள். பெரிய மீன் மாட்டும்போது முதலில் அறுவது அந்த இடம்தான்.

லைன் சுற்றுவதில் நடக்கும் தவறுகள்

ஸ்பூல் விளிம்புக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கீழே வரை நிரப்புவது சரியான அளவு. விளிம்பு வரை நிரப்பினால் சிக்கு விழும், பக்கவாட்டு இடுக்கில் லைன் இறங்கும். அரைவாசிதான் இருக்கிறதென்றால் தூரம் போகாது. ஒரு சுற்றுக்கு உள்ளே வரும் லைனின் நீளமும் குறைந்து மீட்பு மந்தமாகும்.

ப்ரெய்ட் (பல இழைகளைப் பின்னிய) லைனை வெறும் ஸ்பூலில் நேராகக் கட்டாதீர்கள். வழுவழுப்பான உலோகத்தின் மேல் மொத்த லைனும் சேர்ந்து வழுக்கிச் சுழலும். ஹேண்டில் சுற்றுகிறது, டிராக் இறுக்கமாக இருக்கிறது, லைன் மட்டும் உள்ளே வரவில்லை என்று தலையைச் சொறிபவர்களுக்கு பெரும்பாலும் இதுதான் காரணம். அடியில் பத்துப் பன்னிரண்டு சுற்று மோனோ சுற்றி, அதன் மேல் ப்ரெய்டைக் கட்டுங்கள். சுற்றும்போது ஈரத்துணியால் லைனைப் பிடித்து இழுவிசை கொடுங்கள். தளர்வாகச் சுற்றிய ப்ரெய்ட், மீன் இழுக்கும்போது அடியடுக்குக்குள் புதைந்துகொள்ளும். அடுத்த காஸ்ட் பாதியில் வெட்டி நிற்கும், லூர் மட்டும் அறுந்து பறக்கும்.

சத்தமும் அறிகுறியும்

*வீசும்போது கீச்சென்ற சத்தம்.* ஸ்பூல் பேரிங் காய்ந்துவிட்டது. ஒரு சொட்டு மெல்லிய ரீல் ஆயில் போதும். அதற்குப் பிறகும் கரகரத்தால் உள்ளே துருவோ உப்போ இருக்கிறது. கழுவ வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். செராமிக் குண்டு பேரிங்குகள் இயல்பாகவே கொஞ்சம் சத்தம் போடும், அது கோளாறல்ல.

*முன்பு போன தூரம் இப்போது போகவில்லை.* டென்ஷன் திருகு, காஸ்ட் பிரேக், லைன் அளவு மூன்றையும் பாருங்கள். மூன்றும் சரியென்றால் பேரிங். ஸ்பூல் பேரிங்கில் யாரோ கிரீஸ் வைத்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும்.

*ஹேண்டில் பின்னோக்கிச் சுற்றுகிறது.* ஒருவழி ரோலர் பேரிங்கைச் சந்தேகியுங்கள். உள்ளே இருக்கும் சிறு உருளைகள் அச்சில் ஆப்புபோல இறுகித்தான் பின்சுழற்சியைத் தடுக்கின்றன. அங்கே கிரீஸ் புகுந்துவிட்டால் இறுகாமல் வழுக்கும். குளிரில் இன்னும் மோசமாகும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் கழுவிக் காயவைத்து, உள்ளே நுழையும் குழலில் மட்டும் மெல்லிய ஆயிலை விரல் நுனியால் தடவி மாட்டுங்கள். இது ரீல் பழசானதால் வருவதைவிட, அக்கறையாகப் பராமரித்ததால் வருவதே அதிகம்.

*லைன் ஒரே பக்கம் குவிகிறது, லைனை இடமும் வலமும் கொண்டுபோகும் கைடு நின்றுவிட்டது.* லெவல் வைண்டில் குறுக்குமறுக்காகப் பள்ளம் வெட்டிய ஒரு தண்டு இருக்கிறது. அதுதான் வார்ம் கியர். கைடின் அடியில் உள்ள சிறு உலோக நாக்கு அந்தப் பள்ளத்தில் ஓடி, முனையில் திரும்பி வருகிறது. பள்ளத்தில் மணல் சேர்ந்தால் நாக்கின் முனை தேயும்; தேய்ந்தால் முனையில் திரும்பாமல் அங்கேயே நிற்கும். கைடுக்கு அடியில் இருக்கும் மூடியைத் திருகி எடுத்தால் நாக்கு வெளியே வரும். முனை கூர்ந்தோ ஒருபக்கம் சாய்ந்தோ இருந்தால் புதிது போடுங்கள். சின்ன உதிரிபாகம்தான், ஆனால் தேய்ந்ததையே வைத்து ஓட்டினால் வார்ம் கியரையும் கெடுத்துவிடும்.

*சுற்றும்போது கடகடவென்று கரடுமுரடாக இருக்கிறது.* எந்தப் பகுதி என்று பிரித்தறிய எளிய வழி: மேற்சொன்ன நாக்கைக் கழற்றிவிட்டு ஹேண்டிலைச் சுற்றுங்கள். இப்போது மென்மையாக இருந்தால் குறை லெவல் வைண்டில். இன்னும் கரகரத்தால் ஸ்பூலையும் எடுத்துவிட்டுச் சுற்றுங்கள். சத்தம் போய்விட்டால் ஸ்பூல் பேரிங். போகாவிட்டால் பிரதான கியர், அதோடு பிணையும் சிறிய பினியன் கியர் அல்லது ஹேண்டில் அச்சின் பேரிங். ஹேண்டில் குமிழின் பேரிங் துருப்பிடித்திருந்தாலும் கையில் இதே உணர்வு வரும். ரீலைப் பிரிக்கும் முன் அதையும் தனியே சுழற்றிப் பார்த்துவிடுங்கள்.

*தம்ப் பார் கீழேயே நிற்கிறது, ஹேண்டில் சுற்றினாலும் எழவில்லை.* ஸ்பூலை விடுவித்துத் திரும்பப் பிடிக்கும் கிளட்ச் பகுதியில் உப்போ காய்ந்த கிரீஸோ இறுகியிருக்கும், அல்லது திருப்பி இழுக்கும் ஸ்ப்ரிங் இடம் விட்டு நழுவியிருக்கும். தம்ப் பார் எழுந்தும் ஸ்பூல் பிடிக்கவில்லையென்றால், பினியனைத் தள்ளும் யோக்கின் இரண்டு சிறு ஸ்ப்ரிங்குகளில் ஒன்று இல்லை. இது பெரும்பாலும் முன்பு யாரோ திறந்து மூடிய ரீலில்தான் வரும்.

*டிராக் விட்டு விட்டு இழுக்கிறது.* வாஷர்களில் தண்ணீர், எண்ணெய், அல்லது துரு. கழற்றித் துடைக்க வேண்டும். டிராக்கின் அளவைக் கையால் இழுத்து மதிப்பிடுவதைவிட, ராடின் வளையங்கள் வழியாக லைனை விட்டுத் தராசில் இழுத்துப் பார்ப்பது நல்லது. லைனின் அறுவிசையில் கால் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும்: 6 கிலோ லைனுக்கு 1.5 முதல் 2 கிலோ.

ஒவ்வொரு முறை பயன்படுத்திய பிறகும்

உப்பு நீரில் பயன்படுத்தியிருந்தால் அன்றைக்கே கழுவுங்கள். ஸ்டார் டிராகை இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக மேலாக ஊற்றுங்கள். பீய்ச்சி அடிக்கும் குழாய் வேண்டாம். அது உப்பையும் மணலையும் இடுக்கு வழியே உள்ளே தள்ளும். வாளியில் முக்கி வைப்பது அதைவிட மோசம். உதறித் துடைத்து, பக்கத் தட்டைத் திறந்து ஸ்பூலை எடுத்து, இரண்டையும் நிழலில் காயவிடுங்கள். பிறகு டிராகைத் தளர்த்துங்கள். இறுக்கியபடியே மாதக்கணக்கில் வைத்தால் வாஷர்கள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும்.

காய்ந்ததும் வார்ம் கியரில் ஒரு சொட்டு ஆயில் விட்டு, ஹேண்டிலைச் சுற்றிப் பரப்புங்கள். நன்னீரில் மட்டும் பிடிப்பவர்கள் இதைச் சில பயணங்களுக்கு ஒருமுறை செய்தால் போதும். முழுதாகப் பிரிப்பது வருடத்துக்கு ஒருமுறை, அல்லது ரீல் தண்ணீரில் மூழ்கியபோதும் மணலில் விழுந்தபோதும்.

முழுதாகப் பிரித்துச் சுத்தம் செய்தல்

வேண்டியவை: தலைப் பள்ளத்தில் சரியாகப் பொருந்தும் ஸ்குரூடிரைவர், ஹேண்டில் நட்டுக்கான ஸ்பேனர் (பல ரீல்களில் 10 மில்லிமீட்டர்), இடுக்கி, பழைய பல் துலக்கி, பஞ்சுக்குச்சி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பாத்திரம் கழுவும் திரவம், ரீல் ஆயில், ரீல் கிரீஸ், டிராக் கிரீஸ். அடியில் வெள்ளைத் துண்டு விரியுங்கள். தெறிக்கும் ஸ்ப்ரிங் அதில் உருளாது, கண்ணிலும் படும். ஒவ்வொரு பாகம் எடுப்பதற்கு முன்பும் போனில் படம் எடுங்கள். எடுத்த வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்குங்கள்.

1. பக்கத் தட்டைத் திறந்து ஸ்பூலை எடுங்கள்.

2. ஹேண்டில் மூடி, நட்டு, ஹேண்டில் என்று கழற்றுங்கள். இடக்கை ரீல்களில் இந்த நட்டு பெரும்பாலும் எதிர்த்திசை மரை கொண்டது. அசையவில்லையென்றால் பலம் கொடுப்பதற்கு முன் மறுபக்கம் திருப்பிப் பாருங்கள்.

3. ஸ்டார் டிராகைத் திருகி எடுங்கள். அடியில் கிண்ணம்போல் வளைந்த ஸ்ப்ரிங் வாஷர்கள் இருக்கும். எது எந்தப் பக்கம் கவிழ்ந்திருக்கிறது என்று படம் எடுக்காமல் தொடாதீர்கள். திருப்பி மாட்டினால் டிராக் சீராக ஏறாது.

4. டென்ஷன் திருகை முழுதாகக் கழற்றுங்கள். உள்ளே ஒன்றிரண்டு மெல்லிய வட்டத் தகடுகள் ஒட்டியிருக்கும், தொலைத்துவிட வேண்டாம்.

5. ஹேண்டில் பக்கத் தட்டின் ஸ்குரூக்களை எடுங்கள். நீளம் வேறுபடும், எது எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். தட்டை மிக மெதுவாக நேராகத் தூக்குங்கள். யோக்கின் இரண்டு ஸ்ப்ரிங்குகள் தெறிக்கும் கட்டம் இதுதான்.

6. ஒருவழிக் குழல், டிராக் வாஷர்கள், பிரதான கியர் ஆகியவற்றை அடுக்கு கலையாமல் எடுத்து, அதே வரிசையில் ஒரு குச்சியில் கோத்து வையுங்கள். பிறகு யோக்கும் பினியனும்.

7. லெவல் வைண்ட்: முதலில் நாக்கு, பிறகு தண்டின் முனையில் இருக்கும் கிளிப், கடைசியில் தண்டு. நாக்கை எடுக்காமல் தண்டை இழுத்தால் வராது.

உலோகக் கியர்களையும் வார்ம் தண்டையும் பாத்திரத் திரவத்தில் துலக்கி, அலசி, முழுக்கக் காயவையுங்கள். பழைய கிரீஸ் விடாத இடத்தில் ஆல்கஹால். பிளாஸ்டிக் பாகங்களில் பெட்ரோல், அசிட்டோன் வேண்டாம். பிளாஸ்டிக்கில் விரிசல் விழும், நிறம் போகும். பிரேக் வளையத்தை ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, எதையும் தடவாமல் விடுங்கள். காந்தப் பிரேக் என்றால் காந்தங்களில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கும். டேப்பால் ஒற்றி எடுங்கள்.

பேரிங்குகளை ஆல்கஹாலில் ஊறவைத்துக் குலுக்குங்கள்; அழுக்கு வருவது நிற்கும்வரை திரவத்தை மாற்றுங்கள். காய்ந்த பிறகு ஒவ்வொன்றையும் பென்சில் நுனியில் மாட்டிச் சுண்டிப் பாருங்கள். சட்டென்று நிற்பதும் கையில் சொரசொரப்பதும் குப்பைக்கு. காற்றுப் பம்பால் ஊதி, எண்ணெய் இல்லாத பேரிங்கை வேகமாகச் சுழலவிடாதீர்கள். குண்டுகளில் கீறல் விழும். ஸ்பூல் அச்சில் பின் அடித்துப் பொருத்திய பேரிங் இருந்தால், அதற்குரிய கருவி இல்லாமல் அந்தப் பின்னைத் தட்ட வேண்டாம். அச்சு வளைந்தால் ஸ்பூலே போய்விடும். அங்கேயே வைத்துச் சொட்டு சொட்டாகக் கழுவலாம்.

எங்கே ஆயில், எங்கே கிரீஸ்

வேகமாகச் சுழலும் இடத்துக்கு ஆயில், பாரம் தாங்கும் இடத்துக்கு கிரீஸ். ஸ்பூல் பேரிங்குக்கு ஒரு சொட்டு, அதுவும் ஊசிமுனையில் நிற்கும் அளவு. வார்ம் கியர், நாக்கு, ஹேண்டில் குமிழ்களுக்கும் ஆயில். பிரதான கியர், பினியன் பற்களில் கிரீஸ், பல்லின் வடிவம் வெளியே தெரியும் அளவுக்கு மெல்லியதாக. கிளட்ச் பாகங்கள் உரசும் இடங்களில் அதைவிட மெல்லிய பூச்சு. கார்பன் டிராக் வாஷரில் டிராக் கிரீஸைத் தடவி, உடனே துடைத்தும் விடுங்கள். மினுமினுப்பு மட்டும் மிஞ்சினால் போதும். டபிள்யூடி-40 போன்ற சாதாரண ஸ்ப்ரே ஈரத்தை விரட்ட உதவும். ஆனால் ரீல் ஆயிலின் வேலையை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. பேரிங்கில் அது நிலைத்து நிற்காது.

மாட்டும்போது

கழற்றியதன் தலைகீழ் வரிசைதான். இரண்டு இடங்களில் மட்டும் நிதானம் வேண்டும். பினியனின் பள்ளத்தில் யோக் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, ஸ்ப்ரிங்குகள் இரண்டும் தத்தம் கம்பத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத் தட்டை வையுங்கள். தட்டு இடைவெளியின்றித் தானாக உட்கார வேண்டும். உட்காரவில்லையென்றால் ஸ்குரூவை இறுக்கி இழுக்காதீர்கள், உள்ளே ஏதோ இடம் மாறியிருக்கிறது, திறந்து பாருங்கள். ஸ்குரூக்களைக் குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மென்மையான சட்டத்தில் மரை எளிதில் அழிந்துவிடும்.

லைன் கோப்பதற்கு முன் வரிசையாகச் சோதியுங்கள்: தம்ப் பார் அழுந்துகிறதா, ஹேண்டில் சுற்றியதும் டக்கென்று எழுகிறதா, ஹேண்டில் பின்னால் போகாமல் நிற்கிறதா, லைன் கைடு இரு முனைக்கும் போய்த் திரும்புகிறதா, டிராக் படிப்படியாக இறுகுகிறதா. எல்லாம் சரியாக இருந்தும் பாரம் ஏற்றிச் சுற்றும்போது மட்டும் ஒரே இடத்தில் 'கடக்' என்று நழுவினால், கியர் பல்லோ பினியனின் கவ்வோ தேய்ந்திருக்கிறது. கிரீஸ் வைத்து அதை மறைக்க முடியாது. பிரதான கியரையும் பினியனையும் ஜோடியாகவே மாற்றுங்கள். தேய்ந்த ஒன்றோடு புதியதைச் சேர்த்தால் புதியதும் சீக்கிரமே கெட்டுவிடும்.